பதில்: 60 வயது பென்ஷன் மறுபடி வருமா?

அக்கா, நவம்பர் 1965-இல் பிறந்தவர் என்கிறீர்கள். மொரீஷியஸில் அரசாங்கம் மாறினால் அரசு முதியோர் பென்ஷன் வயது பழையபடி 60 ஆகிவிடும், வேலையை விட்டுவிடலாம் என்று ரோஸ் ஹில்லில் உங்கள் தம்பி சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

அவர் சொல்வதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2004-இல் வசதியுள்ள முதியவர்களின் பென்ஷனை வெட்டினார்கள். 2005 தேர்தலில் ஆட்சி போனது, பிரதமராக வந்த ராம்கூலம் அந்த வெட்டை ரத்து செய்தார். அதே ராம்கூலம்தான் 2025 ஜூன் பட்ஜெட்டில் வயதைப் படிப்படியாக 65-க்கு உயர்த்தினார் என்பது வேடிக்கை! ஆனால் 2004-இல் கையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களிடமிருந்தே பறித்தார்கள். இந்த முறை ஏற்கெனவே வாங்குபவர்களைத் தொடவில்லை. அதனால் வாக்குச்சாவடிவரை மக்களின் கோபம் போகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 2024 தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் ராம்கூலத்தின் கூட்டணி அள்ளியது வேறு.

படிநிலைப்படி உங்களுக்கு 61-இல், அதாவது நவம்பர் 2026-இல் கிடைக்க வேண்டும். அடுத்த பொதுத்தேர்தலுக்கு முன்பே வாங்கத் தொடங்கிவிடுவீர்கள். அதுவரை வேலையில் இருங்கள். முடியாவிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்கு அறிவித்த மாதம் 10,000 ரூபாய் உதவி உங்களுக்குப் பொருந்துமா என்று சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.