வயதாகிப் பழுதான புரதத்தைச் செல் ரிப்பேர் செய்யுமா, தூக்கி எறியுமா?

பெரும்பாலும் எறிந்துவிடும். பழுதான புரதத்தில் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி, புரோட்டியசோம் என்ற புரதம் வெட்டும் இயந்திரத்துக்குள் தள்ளித் துண்டாக்கும். இதைக் கண்டறிந்ததற்குத்தான் 2004-ல் வேதியியல் நோபல். புதிதாகச் செய்துகொள்வதே செல்லுக்குச் சுலபம்.

ஆனால் சில பழுதுகளுக்கு நிஜமான ரிப்பேர் உண்டு. எனக்குப் பிடித்தது ஐசோ-ஆஸ்பார்டேட் கதை. புரதச் சங்கிலியிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், காலப்போக்கில் எந்த நொதியின் தூண்டுதலும் இல்லாமலே அம்மோனியாவை இழந்து சக்சினிமைடு வளையமாகிறது. அந்த வளையம் பெரும்பாலும் தப்பான பக்கம் உடைகிறது. சங்கிலியில் ஒரு கார்பன் கூடி, அந்த இடத்தில் கோணல் விழுகிறது. இந்தக் கோணல் வடிவம்தான் ஐசோ-ஆஸ்பார்டேட்.

பிம்ட் என்ற நொதி இந்தக் கோணலை அடையாளம் கண்டு மெத்தில் தொகுதியைச் சேர்க்கும். உடனே பழைய வளையம் உருவாகும். அது மறுபடி உடையும். சரியாக உடைந்தால் கோணலில்லாத சாதாரண ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம். இல்லாவிட்டால் திரும்ப முதலிலிருந்து! பல சுற்றில் பெரும்பகுதி நேராகிவிடும். பழைய அஸ்பராஜின் மட்டும் திரும்பாது, அரைகுறை ரிப்பேர்தான்.

அதுவும் எவ்வளவு முக்கியம் தெரியுமா? இந்த நொதி இல்லாத எலிகள் சராசரியாக 42 நாளில் வலிப்பு வந்து இறந்தன.

ஆக்சிஜனால் கெட்ட மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைச் சீராக்கவும் தனி நொதி இருக்கிறது. கண் லென்ஸின் நடுப்பகுதிப் புரதங்களோ பிறந்ததிலிருந்து மாற்றப்படுவதே இல்லை. அங்கே சேரும் பழுதும் கண்புரைக்கு ஒரு காரணம்.