முதலாளிக்கு டயாலிசிஸ்: நன்றியை எப்படிச் சொல்வது?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். அப்பா வருத்தமாகக் கிடந்தபோது முதலாளி கேட்காமலே அட்வான்ஸ் தந்தார். என்னுடைய வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குச் சம்பளத்தோடு லீவும் தந்தார். இப்போது அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். நாங்கள் ஊழியர்கள் சேர்ந்து பொன்னாடை போர்த்தி ஒரு பாராட்டு விழா வைக்கலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: விழா இப்போது வேண்டாம் தங்கச்சி. மாலை, பொன்னாடை, ஆளுக்கொரு பேச்சு என்று தொடங்கினால், யாராவது ஒருவர் அழுதுவிடுவார். பிறகு அது வழியனுப்பு விழா மாதிரி ஆகிவிடும். நோயோடு போராடுகிறவரை அதற்கு நடுவில் இருத்தி வைக்கக் கூடாது.

கடிதம் எழுதுங்கள். ஆளுக்கொன்று, கையால். "நீங்கள் நல்லவர்" என்று எழுதினால் போதாது. அந்த அட்வான்ஸ் காசு அப்பாவின் எந்தச் செலவுக்குப் போனது, அவர் இப்போது எப்படி இருக்கிறார், பரீட்சையில் என்ன முடிவு வந்தது, இதையெல்லாம் எழுதுங்கள். கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது நினைவிருக்கும். அது உங்கள் வீட்டில் என்ன செய்தது என்பது பெரும்பாலும் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவதுதான் அவருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய பரிசு. அவருடைய நோயைப் பற்றி ஒரு வரி போதும்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் நம்மவர்களின் அன்பு ஆபத்தாகிவிடுகிறது. நோயாளியைப் பார்க்கப் போனால் செவ்விளநீர், தோடம்பழம், வாழைப்பழம் என்று பை நிறையக் கொண்டுபோவோம். இவற்றில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பலாம். எருமைத் தயிரில் பொசுபரசு அதிகம், அதையும் பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாது. கருவாட்டில் உப்பு. உப்பு கூடினால் தாகம் எடுக்கும். தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தேங்கும். டயாலிசிஸ் செய்கிறவர்களில் பலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்ற அளவு உண்டு. "ஒரு தேத்தண்ணியாவது குடியுங்க சேர்" என்று வற்புறுத்தாதீர்கள். எதைக் கொண்டுபோவதானாலும் அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

அவர் கையையும் கவனியுங்கள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக நாடி, நாளம் என்ற இரண்டு இரத்தக் குழாய்களையும் இணைத்து பிஸ்டியூலா வைத்திருந்தால், அந்த இடம் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே இரைவது தெரியும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ, அதில் பை மாட்டவோ கூடாது. அந்தக் கையால் பேப்பர் றீம் தூக்கப் போனால் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருடைய நோயைப் பற்றி பேஸ்புக்கில் எதுவும் போட வேண்டாம், பிரார்த்தனை கேட்டுக்கூட. யாரிடம் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்வதென்றால் சத்தமில்லாமல் செய்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் வேலை. ஒரு தடவை டயாலிசிஸ் என்றால் சுமார் 4 மணித்தியாலம். முடிந்ததும் பலருக்கு உடம்பு துவண்டுவிடும். அந்தப் பின்னேரத்தில் கணக்குக் கொப்பியோடு போகாதீர்கள். மறுநாள் காலை போங்கள். பேப்பர் எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது, கடன் வைத்தவர்களிடம் கேட்பது போன்ற அலைச்சலை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் விலை வைப்பது, புது ஓடர் எடுப்பது, திருவிழா நோட்டீசின் புரூவ் பார்ப்பது அவரிடமே இருக்கட்டும். "சேருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது" என்று எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிட்டால், தன் கடையிலேயே தான் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றும். எதை விட்டுக்கொடுக்க விருப்பம், எதைத் தானே வைத்திருக்க விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். இந்தக் கிழமையே, டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் கேட்டுவிடுங்கள்.