சோபாவில் படுத்தே ஆக வேண்டுமா? உளப்பகுப்பாய்வு கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்களுக்கு நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் ஆலோசகர், டாக்டர் இல்லை. மருந்து பற்றிக் கேட்டவர்கள் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

ஈசூன் வாசகி: அக்கா, படுத்துக்கொண்டுதான் பேச வேண்டுமா? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

வேண்டாம். மனதில் தோன்றுவதையெல்லாம் பேசவைத்து உள்மனதைப் புரிந்துகொள்ளும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கியவர் ஃப்ராய்ட். அவருடைய அந்தப் படுக்கை 1890 வாக்கில் ஒரு நோயாளி பரிசாகக் கொடுத்தது, இப்போது லண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில் காட்சிக்கு இருக்கிறது. தலைமாட்டில் உட்கார்ந்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நாள் முழுக்க ஆட்கள் தன்னை உற்றுப் பார்ப்பது தாங்கவில்லை என்பது! முழு உளப்பகுப்பாய்வு என்றால் வாரத்துக்கு நாலைந்து முறை, 50 நிமிடம், படுத்துக்கொண்டு. என்னிடம் வருகிறவர்கள் வாரம் ஒருமுறை, நாற்காலியில்தான்.

தெம்பனிஸ் வாசகர்: என் ஆலோசகர் இரண்டு வாரம் லீவில் போனார். எனக்கு வந்த கோபம் எனக்கே புரியவில்லை. ஆளை மாற்றிவிடலாமா?

மாற்றுவதற்கு முன் அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லிப் பாருங்கள். டோரா என்று ஃப்ராய்ட் பெயர் மாற்றி எழுதிய 18 வயதுப் பெண்ணின் கதை இங்கே பொருந்தும். அப்பாவின் நண்பர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று அவள் சொல்ல, உள்ளுக்குள் உனக்கு அவர்மேல் ஆசை என்று இவர் விளக்கிக்கொண்டே போனார். 1900ஆம் ஆண்டின் கடைசி நாள் வந்து, இன்றோடு சரி என்றாள். எப்போது முடிவெடுத்தாய் என்று கேட்டதற்கு, பதினைந்து நாள் இருக்கும் என்றாள். வேலைக்காரி நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று இவருக்குப் பட்டது. அந்த நண்பர்மேல் இருந்த கோபத்தை அவள் ஃப்ராய்ட்மேல் திருப்பியதைக் கவனிக்கத் தவறிவிட்டதாக 1905இல் அவரே எழுதினார். இப்படி வேறொருவர்மேல் உள்ள உணர்வை ஆலோசகர்மேல் திருப்புவதுதான் டிரான்ஸ்ஃபெரன்ஸ். (அவள் எழுந்து போனது சரி என்பது என் கட்சி.) உங்கள் ஆலோசகர் கோபத்தைக் கேட்டுவிட்டு, இதற்கு முன் யார் இப்படி விட்டுப் போனார்கள் என்று மெல்ல விசாரித்தால் தொடருங்கள். முகம் சுளித்தால் அப்புறம் மாற்றலாம்.

பொங்கோல் அம்மா: ஆறு வயது மகன் எல்லாவற்றையும் கறுப்பில் வரைகிறான். பயப்பட வேண்டுமா?

கறுப்பு கிரையான்தான் மிச்சம் இருந்ததோ என்னவோ. நிறத்துக்கு அகராதி கிடையாது. இது யாரு, என்ன பண்றாருன்னு அவனிடமே கேளுங்கள். குழந்தை மருத்துவர் வின்னிகாட் கண்டபடி ஒரு கோடு கிறுக்குவார், குழந்தை அதை ஏதாவதாக மாற்றும், பிறகு குழந்தை கிறுக்க அவர் மாற்றுவார். வீட்டிலும் விளையாடலாம், ஆனால் நோய் கண்டுபிடிக்க உட்காராதீர்கள். தூக்கமோ சாப்பாடோ பள்ளியோ கெட்டால் மட்டும் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

நாடகம் எழுதும் தம்பி: கோபக்கார மாமனார் ஒருவரை எழுதுகிறேன். ஈடிபஸ் காம்ப்ளெக்ஸ் சேர்த்தால் ஆழம் வருமா?

மகனுக்கு அம்மாமேல் ஆசை, அப்பாமேல் போட்டி என்கிற ஃப்ராய்டின் அந்தக் கருத்தைத் திணித்தால் ஆழம் வராது தம்பி, பாத்திரம் செத்துவிடும். ஃப்ராய்டிடம் எடுக்க வேண்டியது அவர் பார்த்த விதத்தை. 1913இல் ரோமில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய, பத்துக் கட்டளைக் கற்பலகைகளோடு உட்கார்ந்திருக்கும் மோசே சிலைமுன் மூன்று வாரம் தினமும் போய் நின்றார். மறு ஆண்டு, பெயர் போடாமல், ஒரு கட்டுரை. அதில் அவர் பிடித்துக்கொண்டது இரண்டு சின்ன விஷயம்: வலதுகை ஆள்காட்டி விரல் தாடியின் இடப்பக்க இழைகளை ஏன் அழுத்துகிறது, கற்பலகைகள் ஏன் தலைகீழாக இருக்கின்றன. கோபத்தில் எழுந்திருக்கப் போன மோசே, பலகை நழுவுவது தெரிந்து தன்னை அடக்கிக்கொண்டுவிட்டார் என்று முடித்தார். அது சரியா என்று கலை விமர்சகர்கள் சண்டை போடட்டும், உங்கள் மாமனாரின் கை கோபத்தில் எதைப் பிடித்திருக்கிறது என்று எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம். நமக்கு எதற்கு?

1922லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிவிட்டார். ஐரோப்பியரிடம் இருப்பதாக நீங்கள் சொல்கிற பயங்கள் என் நோயாளிகளிடம் அவ்வளவு வலுவாக இல்லை என்று ஃப்ராய்டுக்கே எழுதினார். 1931இல் ஃப்ராய்டின் பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய யானைத்தந்த விஷ்ணு சிலை, வியன்னாவில் அவர் மேசைமேல் உட்கார்ந்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: டாக்டர் சிபிடி போகச் சொல்கிறார். இதுவா அதுவா?

சிபிடி என்பது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை. திடீர்ப் பதற்றத் தாக்குதலுக்கும் திரும்பத் திரும்பக் கை கழுவுவதற்கும் முதலில் அதுதான், டாக்டர் சொல்வது சரி. ஒரே மாதிரி ஆளிடம் ஒரே மாதிரி மாட்டிக்கொள்கிறேன் என்பதற்கு எங்கள் பக்கம் வாருங்கள். கடைசி வரியில் எழுதியிருந்த, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இன்றும் இருந்தால் எதையும் ஒப்பிட வேண்டாம், இப்போதே சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.