கிளாம் இருக்க இன்னொரு வெக்டர் லைப்ரரி எதற்கு?

கேள்வி: ரஸ்ட் மொழியில் சின்னதாக ஒரு கேம் எழுதுகிறேன். அதற்கான வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்கையெல்லாம் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஓப்பன் சோர்ஸாக வெளியிடலாம் என்றால், "அதான் கிளாம் இருக்கே, நால்ஜீப்ரா இருக்கே" என்று ரஸ்டில் ஏற்கெனவே இருக்கும் கணித லைப்ரரிகளைக் காட்டி நண்பர்கள் சிரிக்கிறார்கள். விட்டுவிடவா?

பதில்: சிரிக்கட்டும். கிளாம் வந்தபோதும்தான் நால்ஜீப்ரா இருந்தது, சிஜிமேத் இருந்தது. நால்ஜீப்ரா எந்த அளவு மேட்ரிக்ஸையும் எந்த எண் வகையையும் ஜெனரிக்காக, அதாவது ஒரே பொதுக் கோடில், ஏற்கும், ஆராய்ச்சிக் கணக்குக்கு அருமை, ஆனால் ஒரு டைப் தப்பினால் கம்பைலர் தருகிற எரர் முழம் முழமாக நீளும். கிளாம் அந்த வம்பே வேண்டாமென்று எஃப்32க்கு (32 பிட் தசம எண்) வெக்3, எஃப்64க்கு (64 பிட் தசம எண்) டிவெக்3, முழு எண்ணுக்கு ஐவெக்3 என்று தனித்தனி டைப் வைத்துவிட்டது. ஒரே கோடைத் திரும்பத் திரும்ப எழுதுவதில்லை, டெம்ப்ளேட்டிலிருந்து உருவாக்கிக்கொள்கிறார்கள். பெவி கேம் இன்ஜின் எடுத்துக்கொண்டது அதைத்தான். உங்கள் லைப்ரரி எதை வேண்டாம் என்கிறது? அதற்குப் பதில் இருந்தால் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் கிளாமுக்கே ஒரு திருத்தம் அனுப்பலாமே, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான்.

கேள்வி: மூன்று எண் கொண்ட வெக்டரை 12 பைட்டில் வைப்பதா, 16 பைட்டிலா?

பதில்: இதுதான் உண்மையான தலைவலி. எஃப்32 ஒன்று 4 பைட், மூன்றுக்கு 12 போதும். ஆனால் சிபியுவில் நாலு எஃப்32-வை ஒரே நேரத்தில் கணக்கிடும் எஸ்எஸ்இ ரெஜிஸ்டர் 128 பிட், அதாவது 16 பைட். அதற்கேற்ப வைத்தால் ஒரே கட்டளையில் கூட்டல் முடிந்துவிடும். விலை? பத்து லட்சம் புள்ளி இருந்தால் 12 எம்பி 16 ஆகும். கிளாம் இரண்டையும் தருகிறது: வெக்3 12 பைட், வெக்3ஏ 16. வேகம் நாலு மடங்கு ஆகிவிடும் என்று மட்டும் கனவு காணாதீர்கள், டாட் ப்ராடக்ட் (இரண்டு வெக்டரின் எண்களை ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டுவது) போட்டால் கடைசியில் ரெஜிஸ்டருக்குள் இருப்பதையே குறுக்காகக் கூட்ட வேண்டும், லாபத்தில் பாதி அங்கேயே கரையும்.

அப்புறம் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப். ஷேடருக்கு (ஜிபியுவில் ஓடும் புரோகிராம்) டேட்டா கொடுக்கும் யூனிஃபார்ம் பஃபரில் வெக்3 வரிசை என்றால் ஒவ்வொன்றும் 16 பைட் தள்ளித்தான் தொடங்கும். நீங்கள் 12 பைட் வரிசையை அப்படியே அனுப்பினால், இரண்டாவது புள்ளியின் எக்ஸ் போய் முதல் புள்ளியின் காலியிடத்தில் விழும், திரையில் மாடல் கந்தலாகத் தெரியும், நீங்கள் ஷேடரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: டெஸ்ட் எழுதினால் சரியான விடைகூடத் தோற்கிறது. ஏன்?

பதில்: எஃப்32-வில் 90 டிகிரிக்கு கொசைன் போட்டுப் பாருங்கள். 0 வராது, மைனஸ் 0.00000004 சொச்சம் வரும், ஏனென்றால் பை-யையே முழுசாக வைக்க இடமில்லை. அதனால் சமமா என்று கேட்காமல், இவ்வளவுக்குள் நெருக்கமா என்று கேளுங்கள். பூஜ்ய வெக்டரை நார்மலைஸ் செய்யவும் (வெக்டரை அதன் நீளத்தால் வகுத்து நீளத்தை 1 ஆக்குவது) ஒரு டெஸ்ட் கட்டாயம் வேண்டும்: 0-வை 0-ஆல் வகுத்தால் நான்-எ-நம்பர், அதாவது எண்ணே அல்லாத ஒரு மதிப்பு, அது தொட்ட கணக்கையெல்லாம் கெடுத்து, கடைசியில் உங்கள் ஹீரோவே திரையிலிருந்து காணாமல் போவார். கிளாமில் இதற்கென்றே பூஜ்யத்தைத் திருப்பித் தரும் தனி ஃபங்ஷன் உண்டு. நீங்களும் ஒன்று வையுங்கள். மேட்ரிக்ஸை நெடுவரிசை (column) வாரியாக வைக்கிறீர்களா, கிடைவரிசை (row) வாரியாகவா என்பதையும் ரீட்மியின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள், பின்னாளில் மாற்றினால் பயன்படுத்துகிற அத்தனை பேரின் கோடும் உடையும்.