கொம்பு உரம் போட்டால் போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு இரண்டு ஏக்கர் நிலம், மூன்று மாடு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பயோடைனமிக் முறை என்று மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கிறார். ஏக்கருக்கு 25 கிராம் தெளித்தால் போதும், வேறு உரமே வேண்டாம் என்கிறார். நம்பலாமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் ‘வேறு உரமே வேண்டாம்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். மக்கிய சாணத்தில் தழைச்சத்து 2 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 25 கிராமில் அரை கிராம்தான் வரும். நெல்லுக்கு ஏக்கருக்கு 50, 60 கிலோ கணக்கில் தேவைப்படுகிறது. இந்த இடைவெளியை எந்தக் கொம்பும் நிரப்பாது. பயோடைனமிக்காரர்களே இதை உரம் என்று சொல்வதில்லை, மண்ணில் உள்ள உயிர்களைத் தூண்டிவிடுகிறது, தயிருக்கு உறை மாதிரி என்பார்கள். சரி, உறை ஊற்றப் பால் வேண்டுமே? தொழுவுரம், தக்கைப்பூண்டு மடக்கி உழுவது, மூடாக்கு (இலைதழையால் மண்ணை மூடிவைப்பது), இதெல்லாம்தான் பால்.

இந்த முறையைத் தொடங்கியவர் ருடால்ஃப் ஸ்டைனர், தத்துவவாதி, விவசாயி அல்ல. விதையில் வீரியம் போய்விட்டது, மாடுகளுக்கு நோய் கூடுகிறது என்று பண்ணைக்காரர்கள் கேட்கப்போக, 1924 ஜூனில் கோபர்விட்ஸ் என்ற ஊரில் எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. பண்ணை என்பது ஓர் உடம்பு, தீவனம் அங்கேயே விளைய வேண்டும், சாணம் அங்கேயே திரும்ப வேண்டும், வெளியிலிருந்து மூட்டை வந்து இறங்கக் கூடாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த சங்கதி. நம் ஆட்களில் பலர் அதை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், அதிலும் தொழுவத்தில் மாடு நிற்கிறவரே தயாரித்த கொம்பு உரத்தைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் என்ன சொல்வது!

ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் பயோடைனமிக், சாதாரண இயற்கை முறை, ரசாயன முறை மூன்றையும் பக்கம்பக்கமாக வைத்துப் பயிர் செய்கிறார்கள். முதல் 21 வருடக் கணக்கு 2002-இல் வெளிவந்தது. இயற்கை வழிகளில் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை மிச்சம், பூச்சிமருந்து 97 சதவீதம் மிச்சம், மண்ணில் உயிரோட்டமும் கூடுதல். ஆனால் அந்தப் பயோடைனமிக் பாத்திகளுக்கு மக்கிய தொழுவுரமும் போனது, அதனால் பலன் கொம்பால்தான் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்று மாடு இருக்கிறது, செலவில்லாமல் நீங்களே செய்யலாம். கறவைப் பசுவின் சாணம், பசுவின் கொம்பு (காளைக் கொம்பு ஆகாது என்பார்கள்). நம் பக்கம் நவராத்திரி சமயம் புதைத்துப் பங்குனியில் எடுப்பது வழக்கம். தண்ணீர் தேங்கும் இடம், மர வேர் ஓடும் இடம் வேண்டாம். எடுத்துத் தட்டும்போது கருப்பாகப் பொலபொலவென்று விழ வேண்டும், முதல் மழை மண்வாசனை வர வேண்டும். உள்ளே பச்சையாக இருந்து சாண நாற்றம் அடித்தால் இன்னும் ஆகவில்லை, திரும்பப் புதையுங்கள். 13 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கரைத்து, நடுவில் சுழி விழும்படி ஒரு பக்கம் சுற்றி, சட்டென்று மறுபக்கம் மாற்றிச் சுற்றி, இப்படியே ஒரு மணி நேரம் கலக்கி, சாயங்காலம் ஈர மண்ணில் பெரிய துளிகளாகத் தெளிப்பார்கள். தோள்பட்டை கழன்றுவிடும், வீட்டில் இளவட்டம் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்து அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழை, சாணத்திலிருந்து மண்ணில் சேர்ந்த கரிமச் சத்து) எவ்வளவு என்று பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதல் வேலை அதை ஏற்றுவதுதான்.

கேள்வி: பயோடைனமிக் நாட்காட்டியும் நம் பஞ்சாங்கமும் ஒன்றுதானா? (வாசகி, திருவையாறு)

பதில்: சாயல் உண்டு, ஒன்றல்ல. நம் காலண்டரில் மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு நாள் என்று போடுவது நட்சத்திரத்தை வைத்து. அவர்களுடையது ஜெர்மனியில் மரியா துன் என்ற அம்மையார் வகுத்தது, சந்திரன் எந்த ராசியில் நிற்கிறதோ அதை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரிக்கும். ரிஷபம், கன்னி, மகரம் என்றால் வேர் நாள், கேரட் விதைக்கலாம். அப்புறம், அதில் வரும் ‘ஏறும் நிலா, இறங்கும் நிலா’ என்பதை வளர்பிறை, தேய்பிறை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. வானத்தில் நிலா போகும் பாதை நாளுக்கு நாள் உயர்கிறதா தாழ்கிறதா என்பது அது. இந்த நாட்களால் விளைச்சல் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. விதைப்பை முறையாகத் திட்டமிட உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேர் நாளுக்காகக் காத்திருந்து மண்ணின் ஈரத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கலப்பினக் கன்றுக்குக் கொம்பைத் தீய்த்துவிட்டோம். பரவாயில்லையா? (வாசகர், பல்லடம்)

பதில்: உங்கள் பால் வியாபாரத்துக்கு ஒன்றும் ஆகாது. டிமீட்டர் என்ற பயோடைனமிக் பண்ணைச் சான்றிதழுக்குப் போவதாக இருந்தால் மட்டும் சிக்கல், அவர்கள் விதிப்படி கொம்பு நீக்கக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ‘மண் நலமானால் உடம்பும் நலமாகும், பயோடைனமிக் அரிசியும் காய்கறியும் சாப்பிட்டால் மாத்திரை தேவையில்லை’ என்று ஒரு வகுப்பில் சொன்னார்களாம். நிறுத்தவா என்கிறார். (வாசகி, சேலம்)

பதில்: நிறுத்தக் கூடாதம்மா. மருந்தில்லாமல் விளைந்த காய்கறி நல்லதுதான், பூச்சிமருந்து எச்சம் குறைவாக இருக்கும். அதற்காக அரிசி அரிசி இல்லாமல் போய்விடாது, எந்த மண்ணில் விளைந்தாலும் அது மாவுச்சத்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இந்த வகுப்புக்காரர்களுக்கு ஒரு தகவல்: ஸ்டைனரோடு சேர்ந்து அவருடைய தத்துவத்தின் மருத்துவப் பக்கத்தை வளர்த்தவர் ஈடா வேக்மன், முறையாக மருத்துவம் படித்த டாக்டர், 1921-இல் சுவிட்சர்லாந்தில் ஆஸ்பத்திரியே தொடங்கியவர். இருவரும் தங்கள் முறையை வழக்கமான மருத்துவத்தின் நீட்சி என்றுதான் சொன்னார்கள், மாற்று என்று சொல்லவில்லை. அப்பாவைத் தோட்டத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள், அது உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கும். அப்படிக் குறையும்போது அதே அளவு மாத்திரை அதிகமாகித் தலைசுற்றல் வரலாம், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, மாத்திரையைக் குறைப்பதா என்று அவர் சொல்லட்டும்.