ரோம் என்று எழுதியிருக்கும், கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில்: மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல் பயணம், கேள்வி பதில்

பதினான்கு வருடம் பயணக் கப்பல்களில் கரைச் சுற்றுலா மேசையில் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகு நானும் மனைவியும் காசு கொடுத்து இரண்டு முறை பயணிகளாகவே போய்வந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. வந்த கேள்விகளைச் சுருக்கி, கேட்டவர் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர்: எங்கள் 25-ஆம் திருமண நாளுக்காக இரண்டு திட்டங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டிலும் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், ஏதென்ஸ் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. வித்தியாசம் அறையில்தானா சார்?

அறையைக் கடைசியாகப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் நேராகக் கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, உண்மையில் எந்தத் துறையில் நிற்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். டிராஜன் பேரரசன் கட்டிய பழைய துறைமுகம் அது, அங்கிருந்து ரோமுக்கு 70, 80 கிலோமீட்டர். காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில் இறங்கி, துறைமுகப் பேருந்து, ரயில் என்று போய்த் திரும்பும் நேரத்தைக் கழித்தால், ரோமில் உங்களுக்கு ஆறு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அதில் வத்திக்கானும் கொலோசியமும் இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரிதான் இருக்கும். 'பிளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ, அங்கிருந்தும் 80 கிலோமீட்டருக்கு மேல். லிவோர்னோவில் இறங்கினால் பக்கத்தில் இருக்கும் பீசாவையும் லூக்காவையும் நிதானமாகப் பார்ப்பது மேல் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கவில்லை. மாலையில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

வெனிஸ் விஷயம் இன்னும் கவனம். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூதெக்கா கால்வாய் வழியே நகரத்தை ஒட்டிப் போக 2021 ஆகஸ்டிலிருந்து தடை. அதனால் 'வெனிஸ்' என்று விற்கும் பல பயணங்கள் ராவென்னாவிலோ திரியெஸ்தேவிலோ தொடங்குகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏதென்ஸ் பரவாயில்லை. பிரேயஸ் துறைமுகம் பத்து கிலோமீட்டர்தான், மெட்ரோ இருக்கிறது.

கப்பலை விட்டு இறங்கினால் ஊருக்குள்ளேயே நிற்கிற துறைமுகங்களும் உண்டு: மால்டாவின் வலெட்டா, கிரேக்கத் தீவான ரோட்ஸ், நேப்பிள்ஸ், இஸ்தான்புல்.

இப்போது விலைக்கு வருவோம். இரண்டு மடங்கு கேட்கும் கப்பலில் அறுநூறு பேர் இருப்பார்கள், ஐயாயிரம் பேர் இருக்க மாட்டார்கள். பத்து நிமிடத்தில் கரையில் இருப்பீர்கள். பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைகளுக்கும் அது போகும். சில ஊர்களில் இரவும் தங்கும், பகல் கூட்டம் கலைந்த பிறகு ஊர் உங்களுக்குத்தான். இந்த மூன்றும் திட்டத்தில் இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் நீங்கள் கொடுப்பது ஷாம்பெயினுக்கும் குளியலறைப் பளிங்குக்கும்தான். இன்னொன்று, சொகுசு நிறுவனங்கள் பலவற்றில் டிப்ஸ், பானம், இணையம் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். மலிவான திட்டத்தில் அவை ஒவ்வொன்றாகப் பில்லில் ஏறும். கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சென்னை: ஏதென்ஸில் ஏறி, துருக்கியில் குசாதசி, பிறகு ரோட்ஸ், அப்புறம் மால்டா. ஷெங்கன் விசா ஒரு முறை நுழைவு போதுமா?

போதாது. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன். குசாதசிக்குப் போனால் அதை விட்டு வெளியே போய்விட்டீர்கள். ரோட்ஸில் இறங்கும்போது அது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழைவு விசா என்று கேட்டு விண்ணப்பியுங்கள், கப்பல் திட்டத்தின் நகலையும் வையுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை ஏறும் இடத்தில் செல்லாது. சரியான விசா இல்லை என்று ஏறும் நாளிலேயே திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், பணமும் திரும்பாது.

மதுரை: நாங்கள் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. பத்து நாள் ரொட்டியும் சாலட்டும்தானா?

கப்பலில் பிரச்சினையே இல்லை அக்கா. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள், ஏறிய முதல் நாள் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்லுங்கள். சமையலறையில் இந்தியர்கள் இல்லாத கப்பலை நான் பார்த்ததில்லை. மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே கேட்டுவிட்டுப் போவார்கள். பருப்பும் சாதமும் நன்றாகவே வரும். சாம்பார் வரும், ஆனால் அதை சாம்பார் என்று ஒத்துக்கொள்ள உங்களுக்குப் பெரிய மனது வேண்டும்.

கரையில்தான் கவனம். கிரேக்க நாட்டில் 'நிஸ்திசிமோ' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். நோன்புக்கால உணவு என்று அர்த்தம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது, ஆனால் இறால், கணவாய் சேரலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸில் மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, எண்ணெய், அவ்வளவுதான், சீஸ் கூட இல்லை. லிவோர்னோவில் கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்ட அடை மாதிரி ஒன்று விற்பார்கள், ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். துருக்கியில் மெர்ஜிமெக், அதாவது மசூர் பருப்பு சூப். எதற்கும் எலும்புச் சாறு விட்டதா என்று கேளுங்கள். பார்மெசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்துப் பாலை உறைய வைக்கும் ரென்னெட் உண்டு, சுத்த சைவம் என்றால் அதைத் தவிருங்கள்.

யாழ்ப்பாணம்: கோட்டை பார்த்தே வளர்ந்தவன் நான் அண்ணை. கோட்டைகளுக்காகவே போறதெண்டால் எந்தெந்தத் துறைமுகம்?

தம்பி, ரோட்ஸும் வலெட்டாவும் ஒரே பயணத்தில் வருகிற மாதிரி பாருங்கள், அதுவும் அதே வரிசையில். ஏனென்றால் இரண்டும் ஒரே ஆட்கள் கட்டியவை.

சிலுவைப்போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவி வீரர்களான புனித ஜான் வீரர் சபையினர் 1309 முதல் ரோட்ஸைத் தலைநகராக வைத்திருந்தார்கள். 1522-இல் துருக்கிய சுல்தான் சுலைமான் முற்றுகையிட்டு ஜெயித்தார். சரணடைந்தவர்களைக் கப்பலேறிப் போக விட்டார், அதுதான் கதையின் திருப்பம். ஏழு வருடம் இடமில்லாமல் அலைந்த அவர்களுக்கு 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை வருடத்துக்கு ஒரு வல்லூறு! 1565-இல் அதே சுலைமான் மால்டாவுக்கும் படை அனுப்பினார். செயின்ட் எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கி ஜூன் 23-இல் விழுந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் துருக்கியப் படை இழந்தது அதிகம். செப்டம்பரில் முற்றுகை முடிந்தது. மறு வருடம் மார்ச்சில் புது நகரத்துக்கு அடிக்கல் போட்டு, சபைத் தலைவர் லா வலெட்டின் பெயரையே வைத்தார்கள்.

ரோட்ஸில் கப்பல் கிட்டத்தட்ட மதிலடியிலேயே நிற்கும். அங்கே அகழிக்குள் இறங்கி நடங்கள், மதிலின் கனம் கீழிருந்து பார்த்தால்தான் புரியும். வலெட்டாவில் பாரக்கா லிஃப்ட் 58 மீட்டர் மேலே தூக்கிவிடும். மேலே பீரங்கி வரிசை, நண்பகலில் ஒரு குண்டு சுடுவார்கள். அங்கிருந்து செயின்ட் ஜான் பேராலயம் பக்கம். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ கையெழுத்திட்டதாகத் தெரிந்த ஒரே ஓவியம் அங்கேதான், புனித ஜானின் தலையை வெட்டும் காட்சி, 1608-இல் வரைந்தது. வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார்.

காலையில் கப்பல் கிராண்ட் துறைமுகத்துக்குள் நுழையும்போது மேல்தளத்தில் இருங்கள். காலைச் சாப்பாடு எங்கும் போகாது.

திருச்சி: அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த இடத்தை விட்டுவிடலாம்?

குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் மதில் நடையை விடுங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், முழுக்கப் படி. கீழே பெரிய வீதி சமதளம், அது போதும். துருக்கியின் பழைய நகரமான எபேசஸில் மேல்வாசலில் இறங்கிக் கீழ்வாசலில் ஏறுகிற மாதிரி வண்டி பேசுங்கள், வழி முழுக்க இறக்கமாகவே இருக்கும். பளிங்குக் கல் மழையில் வழுக்கும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயில் சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு தனிப் பாதை போட்டிருக்கிறார்கள்.

ஈரோடு: ஜூலையில்தான் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சேர்ந்து லீவு. வெயில், அலை இரண்டும் எப்படி?

வெயில் நமக்குப் பழக்கம் என்று நினைத்துப் போகாதீர்கள். நம் ஊரில் மதியம் பன்னிரண்டு மணிக்கு யாரும் நிழலில்லாத பாறை மேல் ஏறுவதில்லை. 2023, 2024 கோடைகளில் அனல் தாங்காமல் அக்ரோபோலிஸை மதிய நேரத்தில் மூடினார்கள். காலை முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். அலையைப் பொறுத்தவரை, ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தெமி' என்ற வடகாற்று வீசும். வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் குதிக்கும். படகில் இறங்க வேண்டிய தீவுகளைக் கப்பல்தலைவர் கடைசி நேரத்தில் ரத்து செய்வார், சண்டை போட்டுப் பயனில்லை. சின்னச் சொகுசுக் கப்பல் பெரியதைவிடக் கூடுதலாக ஆடும் என்பதையும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். முடிந்தால் மே அல்லது செப்டம்பர் கடைசி. சில சொகுசு நிறுவனங்கள் 18 வயதுக்குக் கீழே ஏற்றுவதே இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம்: சேலை கட்டலாமா? கோட்டு சூட்டு வேண்டுமா?

இரவு விருந்துக்குப் பட்டுச்சேலையைவிட எதுவும் எடுபடாது. தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். ஆண்களுக்கு ஒரு கோட்டு.

புதுச்சேரி: அரிக்கமேட்டில் ரோமானிய ஜாடி உடைசல் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் நம் சரக்கின் தடம் ஏதாவது தெரியுமா?

நல்ல கேள்வி. நேப்பிள்ஸில் நாள் முழுக்க இருக்கிற கப்பலாகப் பாருங்கள். எல்லாரும் பொம்பெய்க்குப் பேருந்து ஏறுவார்கள். நீங்கள் காலையில் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், கப்பல் துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். செவ்வாய் விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். 1938-இல் பொம்பெயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை ஒன்று அங்கே இருக்கிறது, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. 'பொம்பெய் லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லட்சுமியா யட்சியா என்பது வேறு விவாதம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த அன்றே அது மண்ணுக்குள் போய்விட்டது, ஆக அதற்கு முன்பே நம் பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மதியம் உள்ளூர் ரயிலில் பொசுவோலி. அப்போது பெயர் புத்தேயோலி. அலெக்சாந்திரியாவிலிருந்து சரக்கு வந்து இறங்கிய பெரிய துறை. செங்கடல் வழியாக எகிப்துக்கு வந்த மிளகும் அந்த வழியில்தான் ரோமுக்குப் போனது. செங்கடல் கரையில் பெரெனிகே கோயிலில் ஒரு ஜாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலைப் பற்றிச் சங்கப் பாட்டில் படித்திருப்பீர்களே, அந்தக் கயிற்றின் மறுமுனை இது. பொசுவோலியில் பழைய சந்தைக் கட்டடத்தின் மூன்று தூண்கள் நிற்கின்றன. இரண்டு ஆள் உயரத்தில் பளிங்கு முழுக்கப் பொத்தல். கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகள் போட்டவை. எரிமலை நிலம் அது, ஒரு காலத்தில் கடலுக்குள் தாழ்ந்து பிறகு மேலே வந்திருக்கிறது. பயணிகள் கூட்டம் அங்கே வருவதேயில்லை.

நாகர்கோவில்: நாமே தனியாகச் சுற்றினால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமா?

போய்விடும். கப்பலே ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் மட்டும் காத்திருப்பார்கள். நேரத்தில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். கிரேக்க நேரத்தில் ஓடும் கப்பல் ஒரே ஒரு நாள் மொண்டெனெக்ரோவின் கோட்டோரில் நிற்கும், கடிகாரத்தை மாற்றாது. உங்கள் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஒரு தம்பதி அப்படித்தான் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அறைப் பெட்டகத்திலிருந்து கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். டாக்ஸி பிடித்து எல்லை தாண்டி துப்ரோவ்னிக்கில் வந்து ஏறினார்கள். நல்லவேளை, அடுத்த துறை பக்கத்தில் இருந்தது. கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி அதைக் கப்பல் நேரத்தில் வையுங்கள்.

வேலூர்: சாந்தோரினியில் கூட்டம் தாங்க முடியாது என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விட வேண்டாம். எரிமலை வெடித்த பள்ளத்துக்குள் கப்பல் போவதே தனி அனுபவம். தண்ணீர் அங்கே முந்நூறு மீட்டருக்கு மேல் ஆழம், அதனால் பெரிய கப்பல் கரையில் கட்ட முடியாது, படகுதான். மேலே இருக்கும் ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் கார், கழுதை, இல்லாவிட்டால் 588 படிகள். கழுதையைப் பாவம் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். உச்ச மாதங்களில் தலைக்கு 20 யூரோ வரியும் உண்டு. அதினியோஸ் துறையில் இறக்கிவிட்டு எரிமலையில் புதைந்த பழைய ஊரான அக்ரோத்திரிக்குப் பேருந்தில் கூட்டிப்போகும் கரைச் சுற்றுலா இருந்தால் அதை எடுங்கள், ஏறுகிற வரிசை மிச்சம். மாலையில் கேபிள் காரில் இறங்கும் வரிசை ஒரு மணி நேரத்துக்கும் போகும். பொறுமை இல்லாவிட்டால் படியில் இறங்கிவிடலாம், இறக்கம்தானே. வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கழுதைகளும் அதே படியில்தான் போய்வருகின்றன.