பாகங்களைப் பூட்டினால் துப்பாக்கி செய்ததாகுமா?

அமெரிக்காவில் ஏ.ஆர்.-15 ரைஃபிளின் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறவர்கள் ‘நானே செய்தேன்’ என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், அது பூட்டுவேலைதான். அந்த ரைஃபிளின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிணைப்பவை இரண்டே பின்கள். இரும்புத் தண்டைத் துளைத்துக் குழலாக்கி, உள்ளே சுருள் பள்ளம் வெட்டி, தோட்டா அமரும் அறையை மயிரிழை பிசகாமல் கடைகிறாரே, அவரே செய்தவர். பெருமை அவருக்குச் சேரட்டும்.

தில்லியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பாகங்களும் துப்பாக்கிதான். பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆர்.கே.புரத்து நம் பிள்ளைகளுக்குச் சுடும் ஆசையென்றால் துக்ளகாபாதில் கர்ணி சிங் சுடுதளம் இருக்கிறது.